யார் விட்ட குறட்டை?

அறை முழுக்க ஒரே குறட்டைச் சத்தம். இத்தனைக்கும் உள்ளே இருந்த இரண்டு பேருமே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சத்தம் வந்தது மேசை மேலிருந்த செல்போனிலிருந்து. அபிநயா அதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“இது யார் கொறட்டக்கா?”

“மூக்கனோடதுங்க மேடம்” என்று நர்மதாவின் வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. மனசு பின்னாலேயே ஓடிவந்து, ‘அடிப் பாவி!’ என்றது.

அபிநயா வயதில் சின்னவள்தான். ஆனால் படிப்பிலும் அனுபவத்திலும் அவள்தான் பெரியவள். பிள்ளை பெற்று வளர்த்த பிறகு மனநல ஆலோசகர் வேலைக்கு வந்தவள் நர்மதா. வாரம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்கு வந்து, மலையில் தான் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்ததைக் கேட்கக் கொடுத்து, தன் தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு சூப்பர்விஷன் என்று பெயர். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அபிநயா ஆளைக் குடைந்து எடுத்துவிடுவாள்.

மூக்கன் வெள்ளிமலைக்காரர். தம்பி ஜீப்பிலிருந்து விழுந்து செத்ததிலிருந்து அவருக்குப் பேச்சே நின்றுபோனது. மரவள்ளி பிடுங்க ஆளில்லாமல் கிடக்கிறது என்று அவர் மகள் சங்கவிதான் இழுத்துவந்து உட்கார வைத்தாள். பதிவு செய்யலாமா என்று கேட்டால் சரியென்று தலையாட்டுவார். வேறு எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வார். வாராவாரம் சுவரோடு பேசுவதுபோல் நர்மதா மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் அந்த வினை வந்தது. மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்து பஸ் ஏறும்போதே அவள் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்வது வழக்கம். முந்தின ராத்திரி பிள்ளைக்கு ஜுரம் என்று கண்ணே மூடவில்லை. மாத்திரையும் அசதியும் கூட்டுச் சேர்ந்துகொள்ள, மூக்கன் எதிரிலேயே தூங்கிப்போனாள்.

திடுக்கிட்டு விழித்தபோது மூக்கன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வரேங்கம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இருந்த பதற்றத்தில் அவளுக்கு எதுவுமே மனதில் பதியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டாள். தன் குறட்டை ஆரம்பித்ததுமே வெட்கம் பிடுங்கித் தின்ன, சட்டென்று நிறுத்திவிட்டாள். அபிநயா எப்போதும் ஆரம்பத்தை மட்டும்தான் கேட்பாள் என்ற தைரியத்தில் அப்படியே அனுப்பியும் வைத்தாள். தைரியம் கைகொடுக்கவில்லை.

“மூக்கனா?” அபிநயா நெற்றியைத் தேய்த்தாள். “இத்தினி வாரமா வாயே தொறக்கல. இப்ப உக்காந்தா தூங்க வேற தூங்கறாரு. டாக்டர் குடுக்கற மாத்திர ஜாஸ்தியா இருக்குமோ?”

“இ... இருக்கலாங்க மேடம்.”

“அப்ப டாக்டர்கிட்ட சொல்லி கம்மி பண்ணிடலாம். இன்னா சொல்றீங்க?”

நர்மதா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று சங்கவி சொல்லியிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சை உலக்கை போட்டே இடித்தது. வாயில்லாத மனுஷன் மேல் பழியைப் போட்டது போதாதென்று, அவர் சோற்றிலும் மண்ணைப் போடுவதா?

அபிநயா செல்போனைக் கையில் எடுத்தாள்.

“வாணாம் மேடம்!” நர்மதா எழுந்தே விட்டாள். “அது என் கொறட்ட. நான்தான் தூங்கிட்டேன்.”

அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை. “அந்த மனுஷன் எம்மாந்தூரம் நடந்து வராரு! அவர எதிர்ல வெச்சிக்கினு தூங்கனேன். கேட்டதுக்கு அவர் மேலயே பழியத் தூக்கிப் போட்டேன். எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லீங்க மேடம். அவர வேற யார்கிட்டயாச்சும் மாத்தி வுட்டுடுங்க.”

அபிநயா செல்போனைத் திரும்ப மேசை மேல் வைத்தாள். அவள் யாரையும் கூப்பிட்டிருக்கவே இல்லை.

“தெரியும்க்கா. உங்க வாயால வரட்டும்னுதான் கேட்டேன். தூங்கனது அசதி, போவட்டும். பொய் சொன்னீங்க பாருங்க, அத நான் சும்மா வுடமாட்டேன். அப்பறமா பேசிக்கலாம்.” தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினாள். “இத முழுசா கேட்டீங்களா?”

“எப்படிங்க மேடம் கேக்கறது? கொறட்ட வந்ததுமே அசிங்கமாப் போயி நிறுத்திட்டேன்.”

“நான் கடைசி வரைக்கும் கேட்டேன். மூக்கன வேற யார்கிட்டயும் மாத்த முடியாதுக்கா.”

அபிநயா பதிவைத் தொடர்ந்து ஓடவிட்டாள். மறுபடியும் அதே குறட்டை. நர்மதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குறட்டைக்கு நடுவே, பேசிப் பழக்கம் விட்டுப்போன ஒரு கரகரத்த குரல் மெதுவாகக் கேட்டது.

“தூங்கிட்டீங்களாம்மா? தூங்குங்க... நீங்க முழிச்சிக்கினு இருந்தா, என் தம்பியப் பத்தி என்னால சொல்லவே முடியாது.”