புகைக்கரி

அவள் புருஷன் தங்கம் உருக்கும் பட்டறையில் முன்பணமாக வாங்கி, அடைக்காமலே செத்துப்போன தொகை பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். புகைக்கூண்டுக்குள் கரி சுரண்டும்போது உச்சியிலிருந்து விழுந்துவிட்டான். தங்கம் உருக்கும்போது கொஞ்சம் புகையோடு போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரியைச் சுரண்டிப் புடம் போட்டால் குன்றிமணி அளவாவது திரும்பக் கிடைக்கும். கடன் அடையும்வரை அந்த வேலையை அவள் பார்க்க வேண்டும் என்றாயிற்று.

முதல் சனிக்கிழமை காலையில் கூண்டின் அடிக்கதவைத் திறந்தாள். கரி ஏற்கெனவே சுரண்டிக் குவித்துக் கிடந்தது. யாரோ இரக்கப்பட்டுச் செய்திருக்கிறார்கள் என்று அள்ளிக்கொண்டு போனாள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். அப்போதும் குவியல் இருந்தது. மேலே இருட்டில் சுரண்டுகிற சத்தமும் கேட்டது. புருஷனுக்குத் தன் கையாலேயே மண் போட்டவள் அவள். வெளியே சொன்னால் வேலை போய்விடும், கடன் அப்படியே நிற்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

"உன் வீட்டுக்காரன் இதுல பாதிகூடக் கொண்டுவந்ததில்லம்மா. உனக்கு எத்தனை கை?" என்று பட்டறைக் கணக்கர் கேலி பண்ணினார்.

"பயத்துல வேகமா ஓடுதுண்ணே" என்றாள்.

பதினோராம் வாரம், கூண்டுக்குப் பக்கத்து மேசையில் கணக்கர் தங்க மணியை எடை போட்டார். நோட்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"கடன் தீந்துபோச்சு. இனி வீட்டுக்குப் போகலாம்."

கூண்டுக்குள் சுரண்டல் நின்றது. உள்சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன.