அருவியில் சொன்ன வார்த்தை

மாப்பிள்ளை அர்த்தநாரிக்குத் திமிர் ஏறிவிட்டது. சாமியப்பனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆடி நோம்பிக்குத் தங்கை நல்லம்மாளும் மாப்பிள்ளையும் கணியூர் வந்திருந்தார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லட்டுமா என்று கேட்டால் மாப்பிள்ளையிடமிருந்து பதில் இல்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்லம்மாள் கூப்பிட்டாலும் அதே கதிதான். அவள், பாவம், ஓடிப்போய் எதிரில் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது.

முதலாளியின் கையைக் காலைப் பிடித்து, வேலம்பாளையத்து விசைத்தறிக் கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே சாமியப்பன்தான். அந்த நன்றிகூட வேண்டாம். கட்டினவளையாவது மனுசியாய் மதிக்க வேண்டாமா?

நாளைக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். தங்கையை அனுப்புவதில்லை என்று சாமியப்பன் முடிவு செய்துவிட்டான். அவளிடம் சொல்லத்தான் தனியாக நேரம் வாய்க்கவில்லை.

மலைக்குள் இருக்கிற அருவியைப் பார்க்கணும் என்று நல்லம்மாள் ஆசைப்பட்டாள். அடிவாரம் போகும் ஒரே பஸ்ஸில் ஏறி இறங்கி, மூன்று பேரும் நடந்தார்கள். ஒற்றையடித் தடம். அர்த்தநாரி முன்னால் முள்ளை ஒதுக்கிக்கொண்டே போனான்.

“ஏனுங் மாப்பிளே, செத்த நில்லுங்க. அம்மிணிக்கு மூச்சு வாங்குது” என்றான் சாமியப்பன்.

அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“பாத்தியா அம்மிணி, உம்புருசனோட ராசநடைய?”

“அவுரு அப்படித்தானுங்கண்ணா.” சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் புருசனின் தோளைத் தொட்டாள். அவன் பதறி நின்று, அவளைக் கல்லில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

எல்லாம் நடிப்பு என்று சாமியப்பன் மனசுக்குள் கறுவினான்.

அருவியில் ஈ காக்கை இல்லை. மேலே மழை போலிருக்கிறது; தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேறு எதுவும் காதில் விழவில்லை. அர்த்தநாரி எதிர்ப்பாறையில் உட்கார்ந்து, காலை நனைத்தபடி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதுதான் சமயம். இந்த இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது?

சாமியப்பன் தங்கையை நிறுத்தி உரக்கச் சொன்னான்: “இவனோட நீ வாழ்ந்தது போதும். நாளைக்குப் போகாதே. நம்மூட்டுலயே இருந்துக்கோ.”

நல்லம்மாள் எதிர்ப்பாறையைப் பார்த்தாள். அங்கே அர்த்தநாரியின் முகம் செத்துப்போயிருந்தது. எழுந்து நின்று, உதட்டை மட்டும் அசைத்து அவளிடம் ஏதோ சொன்னான். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

அண்ணனை இரைச்சல் குறைந்த பாறை மறைவுக்கு இழுத்துப் போனாள்.

“என்னுங்கண்ணா இப்பிடிச் சொல்லிப்போட்டீங்க? அவுருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அத்தன தொலைவுல அவனுக்கு எப்பிடிக் கேக்கும்?”

“உங்க வாயப் பாத்துட்டாருங்க. தறி ஓடறப்பக் கத்துனாலும் கேக்காது. அங்க எல்லாரும் உதட்டப் பாத்துத்தான் பேசிக்குவோம். நானும் அங்கதான நூல் சுத்தறன்.”

மீதியையும் சொன்னாள். தறிச் சத்தத்தில் அவனுக்குப் போன வருசமே ரெண்டு காதும் போய்விட்டது. முகத்தைப் பார்த்தால் பேச்சு புரியும். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது.

சாமியப்பன் பாறை மறைவிலிருந்து எட்டி மாப்பிள்ளையைப் பார்த்தான்.

“அங்க நின்னு இப்ப உங்கிட்ட என்ன சொன்னாரு?”

“‘அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதே’ன்னாருங்க.”

“கூடப்பொறந்தவன் அம்மிணி நானு. எங்கிட்ட எதுக்கு மறைக்கோணும்?”

நல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“‘அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே உங்கண்ணன்தான். தெரிஞ்சா அந்த மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. என்னையத் திமிர் புடிச்சவன்னே நெனச்சுட்டுப் போகட்டும்’னு இங்க வாறப்பவே சத்தியம் வாங்கிட்டாருங்கண்ணா.”