அடிக்கு அடி சிரிப்பு

முதல் குத்திலேயே கதாநாயகனின் மூக்கு உடைந்தது. அடுத்த குத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது.

அது இசை நாடகம், அதுவும் சிரிப்பு நாடகம். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு முரட்டு ஆள் மேடையேறி நாயகனைப் புரட்டி எடுப்பதும் நாடகத்தில் சேர்த்திதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கீபோர்டுக்காரர்கூடக் கொஞ்ச நேரம் தாளம் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"யார்ரா சொன்னா உனக்கு? சொல்றா, யார் சொன்னா?"

கத்தியபடியே அந்த ஆள் நாயகனின் தலையைப் பலகைத் தரையில் மோதினான். பல் ஒன்று தெறித்து விளக்கடியில் போய் விழுந்தது. அப்போதுதான் முன்வரிசையில் ஒரு பெண் வீறிட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாட்டு. அதில் புருஷன் பெண்டாட்டியின் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு, தாளத்துக்குத் தாளம் அவள் தலையைக் கதவில் மோதுவான். "இனிமே பேசுவியா?" என்று அவன் பாட, "மாட்டேங்க!" என்று அவள் ராகம் போட்டு அழுவாள். அடித்து ஓய்ந்ததும் சீப்பை எடுத்து, கொஞ்சிக் கொஞ்சி அவனே அவளுக்குத் தலை வாரிவிடுவான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

பாதியில் எழுந்து போனவர்களும் உண்டு. "சில காட்சிகள் மனதை வருத்தலாம்" என்று மேனேஜர் வாசலில் ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். ஆனால் மேடைக்கே வந்து உதைத்தவன் இந்த ஆள் ஒருவன்தான். அதுவும், அடி விழுந்தபோதெல்லாம் கல்லாக உட்கார்ந்திருந்துவிட்டு, சீப்பு வெளியே வந்ததும் பாய்ந்திருந்தான்.

நாலு பேர் சேர்ந்து அவனை மடக்கி ஒப்பனை அறைக்கு இழுத்துப்போனார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார்.

"யாருய்யா நீ?"

பதில் துணிமூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எங்க வீட்டுக்காரருங்க. வருவாருன்னு எனக்கே தெரியாதுங்க."

நாடகக் குழுவுக்கு உடை தைக்கும் தையல்காரம்மா.

அறையின் சூடு சட்டென்று இறங்கியது. பெண்டாட்டியாக நடித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பொம்பள அடி வாங்குறதப் பாத்து ஊரே சிரிச்சுது. இவரு ஒருத்தருக்குத்தான் பொறுக்கல. நீங்க குடுத்து வச்சவங்கக்கா!"

நாயகன் மூக்கில் அடைத்த பஞ்சோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

"கேஸெல்லாம் வேணாம் சார். தப்பு என் மேலதான். அந்தப் பாட்டு நானா யோசிச்சு எழுதினது இல்ல. அக்கா மெஷின்ல உக்காந்தா, பக்கத்து வீட்டுப் புருஷன் பொண்டாட்டி கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அத அப்படியே பாட்டாக்கிட்டேன். அந்தப் பொண்ணு படுற பாட்டக் கண்ணால பாத்த மனுஷனுக்குக் கோவம் வராம இருக்குமா?"

மேனேஜரும் தலையாட்டினார். "தங்கமான ஆளு சார். விட்டுடுங்க."

அந்த ஆள் யாரையும் பார்க்கவில்லை. ரத்தம் தோய்ந்த கை முட்டியைத் தடவியபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிபட்டவரே வேணாங்கிறாரு. நமக்கென்ன?" என்று இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "கூட்டிட்டுப் போம்மா."

அவன் எழுந்தான். குரலில் தேன் சொட்டியது. "வா, வீட்டுக்குப் போலாம்."

தையல்காரம்மா நகரவில்லை. வாசலை நோக்கித் திரும்பிய இன்ஸ்பெக்டரின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வார்த்தை தெளிவாக வந்தது.

"சார்... எங்க வீட்டுக்குப் பக்கத்துல வீடே கிடையாதுங்க."