நாக்கு தேடிய மருந்து

ஒரு வாய்க்குள்ளே இருந்த நாக்குக்கு, முப்பத்திரண்டு பற்களில் கடைவாய்ப் பல் ஒன்றின் மேல்தான் உயிர். புளிப்பு மிட்டாய் கிடைத்தால் பாதியைச் சப்பிவிட்டு, மீதியை அந்தப் பல்லின் ஓரமாகத்தான் பத்திரமாக ஒதுக்கி வைக்கும். வேறு யாரையும் அது நம்பியதில்லை.

ஒருநாள் பல்லைத் தடவிய நாக்குக்குத் திக்கென்றது. வழுவழுவென்றிருந்த எனாமலில் ஓரிடம் சொரசொரத்தது.

“ஐயோ, என்னடா ஆச்சு?”

“வலி இல்லண்ணே. லேசா கூசுது.”

“ஃபுளோரைடு பேஸ்ட் வேணாம், அது காரம். இயற்கையா ஏதாவது பார்ப்போம்.”

வேப்பங்குச்சி வந்தது. கசக்கிறதென்று நாக்கு அதை விரட்டியது. கிராம்பு வந்தது, எரிந்தது. பச்சைத் தேயிலை வந்தது, துவர்த்தது. தம்பிக்காக நாக்கு படாத பாடு பட்டது.

அதுவரை பல்லைக் கழுவிக்கொண்டிருந்த எச்சில், மெதுவாக வாயைத் திறந்தது.

“நானும் தினம் சொரசொரப்புல சுண்ணாம்புச் சத்தைப் பூசிப் பூசித்தான் பார்க்கறேன். பூசினது பிடிக்கறதுக்குள்ள அடுத்த மிட்டாய் வந்துடுது. கொஞ்சம் இடைவெளி விடுங்கண்ணே. இல்லன்னா குழி விழுந்துடும்.”

“குழியா? நான் இருக்கறப்பவா?” என்று நாக்கு பதறியது.

அந்த நேரம் பார்த்துப் புது மிட்டாய் ஒன்று உள்ளே விழுந்தது. நாக்கு பாதியைச் சப்பியது. மீதியை, நோகாமல், அந்தச் சொரசொரப்பின் மேலேயே சாய்த்து வைத்தது.

“கவலைப்படாதடா கண்ணு. நாளைக்கு அதிமதுரம் வருதாம், அது இனிக்குமாம். அதுவரைக்கும் இதைப் பார்த்துக்கோ.”