சிவக்காத பட்டை

மகள் குளத்தில் மூழ்கி இறந்த பிறகு செலின் இரண்டு வருடம் மனநல விடுதியில் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி தினமும் அவளோடு உட்கார்ந்து அழுததால்தான் மெல்ல எழுந்தாள். அதே வேலையைத் தானும் செய்யவேண்டும் என்று துணை ஆலோசகர் சான்றிதழுக்குப் படித்தாள்.

தேர்வில், கையில் பட்டை கட்டிக்கொண்டு ஒரு நோயாளியின் பேச்சை அரைமணி நேரம் கேட்கவேண்டும். மனம் கலங்கினால் பட்டை சிவக்கும். சிவந்தால், கேட்பவர் இன்னும் குணமாகவில்லை என்று அர்த்தம். செலினுக்கு இரண்டு முறை சிவந்துவிட்டது. இது கடைசி வாய்ப்பு.

எதிரில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து லாரி ஓட்டுநர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சொந்த மகன் மீதே ஏற்றிவிட்டவர்.

"அவன் செருப்பு மட்டும் டயர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு தாயி," என்று தொடங்கினார்.

செலின் தலையை ஆட்டிக்கொண்டே, ஜங்ஷனிலிருந்து வீடு வரையுள்ள பஸ் நிறுத்தங்களை மனதுக்குள் வரிசையாகச் சொன்னாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பட்டை பச்சையாகவே இருந்தது.

அவர் பாதியில் நிறுத்தினார். "நான் சொல்லுதது உங்களுக்குக் கேக்கா?"

"கேக்கு அண்ணாச்சி. சொல்லுங்க."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மீதி நேரம் மழையைப் பற்றியும் புது மேம்பாலத்தைப் பற்றியும் பேசினார்.

"நல்லா குணமாயிட்டீங்கம்மா," என்று தேர்வு அதிகாரி சான்றிதழை நீட்டினார். "திங்கக்கிழமைலேருந்து ஒரு நாளைக்கு எட்டுப் பேரு."

வராந்தாவில் இசக்கிமுத்து நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"இனிமே என்னைய பேசக் கூப்பிடாதீங்கம்மா. மாத்திரை மட்டும் குடுங்க, போதும்."