பதினோரு வயசு வண்டி

அரிசோனாவின் காலை வெயில் சக்கரம் வைத்த வண்டிவீட்டின் வெள்ளைக் கூரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. ஏழு வருஷமாக இதிலேயே குடியிருக்கும் வெர்னா, எழுபது வயதில், முழங்காலுக்கடியில் துண்டை மடித்துப் போட்டுக் கூரை விரிசலில் பசை அடைக்கிறாள். இப்படிப்பட்ட வண்டிகள் வாடகைக்கு நிற்கும் முகாமின் மேலாளர் கிளின்ட் ஒரு தாளோடு கீழே வந்து நிற்கிறான். "பத்து வருஷத்துக்கு மேலான வண்டிக்கு இனி இங்க இடமில்ல, வெர்னா. நாளைக்குள்ள கிளம்பிடுங்க." "என் வண்டி ஒழுகுதா, நாறுதா? உள்ள வந்து பாரு." "பாக்க வேண்டியதில்ல. பதினோரு வயசாச்சு, விதி விதிதான்." பக்கத்தில் நிற்கும் புத்தம்புது வண்டியின் கழிவுக்குழாய் கழன்று, சரளைக்கல்லில் மலநீர் பரவுகிறது. வெர்னா கையை நீட்டிக் காட்டுகிறாள். "அதுக்கு என்ன விதி?" கிளின்ட் பார்க்கிறான். காலைத் தூக்கி அந்த ஈரத்தைத் தாண்டி வந்து, தாளை அவள் முன்கண்ணாடியில் ஒட்டுகிறான். "கண்ணாடிய இப்பதான்டா துடைச்சேன்!" அவன் திரும்பாமல் நடக்கிறான். ஏணியில் இறங்கும் வெர்னா, கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரர் இல்லாத நேரத்தில் அந்தக் குழாயைத் தானே முறுக்கி இறுக்குகிறாள். மலநீர் சொட்டும் கையுறையோடு நிமிர்ந்து, அலுவலகத்தைப் பார்த்துக் கத்துகிறாள்: "என் வண்டி வயசு உன் கண்ணுக்குத் தெரியுது, இது மூக்குக்குத் தெரியலையா?"