மைதானத்துச் சனம்

கரம்பொனில் மரியநாயகம் வீட்டுக்கு ரீவி வந்து ஒரு வருசமாகியிருந்தது.

"ஒரு வருசமாப் பார்க்கிறீர். எது உமக்கு நல்லாப் பிடிச்சது?" என்று மனைவி செபஸ்தியம்மாவிடம் கேட்டார்.

"நாடகமெல்லாம் அழுகை. செய்தி கேட்டால் பயம். வெளிநாட்டு உதைபந்தாட்டந்தான் எனக்குப் பிடிக்கும்."

"பந்தைப் பற்றி உமக்கென்ன தெரியும்?"

"பந்தை ஆர் பார்த்தது? ஜேர்மனியிலை நடக்கிற ஆட்டமெண்டால் சுற்றிவர இருக்கிற சனத்தைக் காட்டுவாங்கள். எங்கடை அல்போன்ஸ் அதுக்குள்ளை இருப்பானோ எண்டுதான் பார்க்கிறனான். போன பிள்ளை ஒரு கடிதமும் போடேல்லை."

மகனோடு ஜேர்மனிக்குப் புறப்பட்ட கூட்டாளி போன மாதம் ஊருக்கு வந்திருந்தான். ஊர்காவற்றுறைச் சந்தையில் மரியநாயகத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். எல்லை கடக்கும்போது பனியில் விறைத்துச் செத்த அல்போன்ஸைத் தன் கையாலேயே புதைத்தானாம். அதை வீட்டில் சொல்ல அவருக்கு இன்னும் வாய் எழவில்லை.

அன்றைய ஆட்டம் தொடங்கியது. செபஸ்தியம்மா ரீவிக்குக் கிட்டப் போய் இருந்தாள். அவர் தன் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

"நீர் இடது பக்கத்துச் சனத்தைப் பாரும். வலது பக்கத்தை நான் பார்க்கிறன்."